ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் இரவுத் தங்கல்: கேரவன் பார்க்கா, வெட்டவெளியா?

வாசகர் கேள்வி, ஏப்ரல் 27, 2024

ஜூன் கடைசியில் ஆஸ்திரேலியாவின் தெற்கே அடிலெய்டிலிருந்து வடக்கே டார்வின் வரை ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை வழியாகக் குடும்பத்தோடு போகிறோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா, அம்மா. வாடகைக்கு எடுத்த கேம்பர்வேன் (படுத்துத் தூங்க வசதி உள்ள வேன்) ஒன்று, எங்கள் கார் ஒன்று. வண்டியோடு தங்க வாடகைக்கு இடம் தரும் கேரவன் பார்க்குகளில் ஓர் இரவுக்கு ஐம்பது, அறுபது டாலர் கேட்கிறார்கள். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் மண். வண்டியை ஓரங்கட்டித் தூங்க எதற்குக் காசு? வழிநெடுக இலவசமாகவே தங்கிவிடலாம் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

பதில், ஏப்ரல் 27, இரவு

மறுக்கிறேன். வெறும் மண் என்கிறீர்களே, அதில் உரிமையாளர் இல்லாத மண் என்று ஓர் அடிகூடக் கிடையாது. போர்ட் அகஸ்டாவைத் தாண்டியதும் இருபுறமும் வருபவை ஆட்டுப் பண்ணைகளும் மாட்டுப் பண்ணைகளும். தமிழ்நாட்டின் ஒரு மாவட்டத்தைவிடப் பெரிய பண்ணைகள் அந்த வட்டாரத்தில் உண்டு. வேலி கண்ணில் படாததால் பொது நிலம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

பிம்பா என்ற சிற்றூருக்கு வடக்கே சாலை வூமெரா தடைசெய்யப்பட்ட பகுதிக்குள் புகுந்து போகிறது. 1947-இல் ஏவுகணைச் சோதனைக்காக ஒதுக்கிய இடம். இன்றும் ராணுவத்தின் கையில்தான் இருக்கிறது. நெடுஞ்சாலையில் போகலாம், ஓய்விடத்தில் நிற்கலாம். மண்பாதை தெரிகிறதே என்று உள்ளே திருப்பக் கூடாது. கூபர் பீடியைச் சுற்றி இன்னொரு வகைத் தொல்லை. 1915-இல் ஓப்பல் என்ற ரத்தினக் கல் கிடைத்ததிலிருந்து தோண்டித் தோண்டி விட்ட குழிகள், பெரும்பாலும் மூடப்படாதவை. புகைப்படம் எடுக்கப் பின்னால் நடக்காதீர்கள் என்று பலகையே வைத்திருக்கிறார்கள். அங்கே இருட்டில் கூடாரத்துக்கு இடம் தேடுவது தற்கொலைக்குச் சமம். மார்லாவுக்கு மேற்கே உள்ள பெருநிலப்பரப்பு 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனங்கு என்ற பூர்வகுடி மக்களுடையது. அனுமதிச்சீட்டு இல்லாமல் உள்ளே போகக் கூடாது.

ஆக, ஓரங்கட்டுவது என்றால் அரசு ஒதுக்கியிருக்கும் சாலையோர ஓய்விடங்கள்தான். பலவற்றில் 24 மணி நேரம் வரை தங்கலாம். பலகையைப் படித்துவிட்டு நிறுத்துங்கள்.

ஏப்ரல் 28

நேற்று எழுதியதைப் படித்தால் நான் இலவசத்துக்கே எதிரி என்று தோன்றுகிறது. அப்படி இல்லை. இந்தச் சாலையில் எனக்குப் பிடித்த இரவு இடங்களில் ஒன்று காசில்லாத இடம்தான். பிம்பாவுக்கும் கிளெண்டாம்போவுக்கும் நடுவே லேக் ஹார்ட் என்ற உப்பு ஏரி. சாலையிலிருந்து சற்றே இறங்கினால் ஓய்விடம், அதற்கும் ஏரிக்கும் நடுவே ரயில் பாதை. மாலையில் பாதையைக் கடந்து ஏரிக்குள் நடந்தால் உப்புப் பொருக்கு மேலே வெள்ளையாக நொறுங்கும். நாலடி தாண்டியதும் அடியில் சிவந்த களி செருப்பைப் பிடித்துக்கொள்ளும். என் இளைய மகளின் ஒரு செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது. இரவில் சரக்கு ரயில் போகும்போது பெட்டிகளை எண்ணத் தொடங்கிய பிள்ளைகள் முடிவதற்குள் தூங்கிவிடுவார்கள்.

தண்ணீரை மட்டும் அங்கே நம்பிப் போகாதீர்கள்.

என் கட்சி இதுதான்: இரண்டு இரவு வெட்டவெளி, மூன்றாம் இரவு பார்க். தண்ணீர்த் தொட்டி, பேட்டரி, அழுக்குத் துணி மூட்டை என்ற மூன்றும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கையை விரிக்கும். அன்றைக்குக் கொடுக்கும் ஐம்பது டாலரில் படுக்கும் இடத்தின் விலை மிகவும் கொஞ்சம். மீதி எல்லாம் தண்ணீர், வெந்நீர், சலவை இயந்திரம்.

மே 1

தண்ணீர் என்றதும் கூபர் பீடியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஊருக்கு வடக்கே ஆழ்துளைக் கிணறு. அங்கிருந்து குழாய் வழியே கொண்டுவந்து உப்பைப் பிரித்துத்தான் ஊருக்குக் கொடுக்கிறார்கள். அதனால் அங்கே தண்ணீர் செலவுக் கணக்கில் வரும் பொருள். நாணயம் போட்டால்தான் நீர் விழும் குளியலறைகள் உண்டு. சுவரில் ஓர் இரும்புப் பெட்டி, அதில் ஒரு துளை. காசு விழுந்ததும் உள்ளே கடகடவென்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் நிற்கும்போது தண்ணீரும் நின்றுவிடும். தலை முழுக்க ஷாம்பூ நுரையோடு நான் இருட்டில் துழாவிக்கொண்டிருந்தபோது, அடுத்த அறையிலிருந்த ஒரு பெண்மணி தடுப்புக்கு அடியில் ஒரு நாணயத்தைத் தள்ளிவிட்டார். "எல்லோருக்கும் முதல் நாள் இப்படித்தான்" என்றார். வெளியே வந்து பார்த்தால் யார் என்று தெரியவில்லை. அந்தக் கடன் இன்னும் பாக்கி.

தரை அங்கே கல். கூடாரத்தோடு வரும் பிளாஸ்டிக் முளைகள் முதல் அடியிலேயே சிதறிவிடும். இரும்பு முளையும் நல்ல சுத்தியலும் எடுத்துப் போங்கள். பழைய சுரங்கத்துக்குள் கூடாரம் போட இடம் தருபவர்களும் அந்த ஊரில் இருக்கிறார்கள். அங்கே முளையே அடிக்க முடியாது என்பதால் தானாக நிற்கும் கூடாரம் வேண்டும். வெளியே நாற்பது டிகிரி வெயில் அடித்தாலும், குளிர்கால இரவில் பல் கிட்டினாலும், உள்ளே இருபதுகளின் நடுவில் ஒரே சீரான சூடு. காற்று இல்லை, ஈ இல்லை. ஒரே ஒரு குறை, யாராவது ஒருவர் குறட்டை விட்டால் சுரங்கமே குறட்டை விடும்.

மே 2

வாடகை வண்டிக்காரர்களுக்கு ஒரு வரி. ஒப்பந்தத்தைப் பிரித்துப் படியுங்கள். ஊருக்கு வெளியே இருட்டிய பின் ஓட்டக் கூடாது, மண்சாலையில் இறங்கக் கூடாது என்று அநேகமாக இருக்கும். கங்காருவும் மாடும் சாலைக்கு வருவது அந்தி மயங்கும் நேரத்தில்தான். ஆகவே "இன்னும் நூறு கிலோமீட்டர் போய்த் தங்கலாம்" என்பது நாலரை மணிக்குப் பிறகு உங்களுக்குக் கிடையாது. ஜூலையில் சூரியன் ஆறு மணிக்கெல்லாம் போய்விடும்.

மே 2, பிற்பகல்

மெல்பர்ன் நண்பர் கேட்கிறார்: "அப்படியானால் எல்லா இரவுக்கும் முன்பதிவு செய்துவிடலாமா?" கூடவே கூடாது. டயர் ஒன்று போனால் முழுப் பட்டியலும் சரியும். எங்கே முன்பதிவு கட்டாயம் என்று பிறகு தனியாக எழுதுகிறேன்.

மே 5

கேள்வி கேட்டவர் இன்னொரு செய்தியும் சேர்த்திருக்கிறார்: அப்பாவுக்குச் சர்க்கரை, இன்சுலின் போட்டுக்கொள்கிறார், அம்மாவுக்கு முழங்கால் வலி. ஐயா, இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். என் பதிலில் பாதி மாறிவிடுகிறது.

இன்சுலினுக்குக் குளிர்ச்சி வேண்டும். மின் இணைப்பு உள்ள இடத்தில் தங்கினால் கேம்பர்வேன் குளிர்பெட்டி இரவெல்லாம் ஓடும். வெட்டவெளியில் அது பேட்டரியை உறிஞ்சி, விடியற்காலையில் சிவப்பு விளக்கைக் காட்டும். ஆனால் இன்னோர் ஆபத்தும் உண்டு, பலர் இதை யோசிப்பதில்லை. ஜூலையில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பக்கம் இரவு வெப்பம் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும். குளிரத்தானே வேண்டும் என்று மருந்தைக் காரிலேயே விட்டால் உறைந்துபோகும். உறைந்த இன்சுலின் குப்பைக்குத்தான். மருத்துவமனை உள்ள ஊர்கள்: கூபர் பீடி, ஆலிஸ், டெனன்ட் கிரீக், கேத்தரின். ஆலிஸுக்கும் டெனன்ட் கிரீக்குக்கும் நடுவே 500 கிலோமீட்டர். கைபேசிச் சமிக்ஞை ஊர்களை ஒட்டித்தான் இருக்கும், நடுவில் வெற்றுத் திரை. மருந்து இரண்டு பங்காக இருக்கட்டும், பகலில் ஒன்று கேம்பர்வேனில், ஒன்று காரில். இரவில் காரில் இருப்பதையும் உள்ளே எடுத்துவிடுங்கள்.

முழங்கால் வலிக்கு: பெரியவர்கள் இரவில் எழுந்து கழிப்பறைக்கு நடக்க வேண்டும். குளிரில், கைவிளக்கோடு, கூடாரக் கயிறுகளைத் தாண்டி. பார்க்கில் இடம் வாங்கும்போது குளியலறைக் கட்டடத்துக்குப் பக்கம் வேண்டும் என்று கேளுங்கள். ஆனால் அதை ஒட்டிய முதல் இடம் வேண்டாம். இரவெல்லாம் கதவு அடிக்கும், விளக்கு முகத்தில் விழும், எதிரே கை உலர்த்தும் இயந்திரம் ஊளையிடும். மூன்றாவது, நான்காவது இடம் சரி. இல்லாவிட்டால் அப்பா அம்மாவுக்கு மட்டும் கேபின் என்ற சிறு குடில். பெரும்பாலான பார்க்குகளில் கேபின்கள் உண்டு. சிலவற்றில் உள்ளேயே கழிப்பறை இருக்கும், சிலவற்றில் இருக்காது. கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஆக உங்களுக்கு இரண்டுக்கு ஒன்று என்ற என் கணக்கு ஒத்துவராது. தலைகீழாகப் போட்டுக்கொள்ளுங்கள்: இரண்டு இரவு பார்க், ஓர் இரவு வெட்டவெளி.

மே 6

"கேபின் என்றால் ஓட்டலிலேயே தங்கிவிடலாமே" என்கிறார் ஒருவர். தங்கலாம். விமானத்திலும் போகலாம்.

மே 7

மின்சாரம் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கேரவன் பார்க்கில் இருப்பது 15 ஆம்பியர் இணைப்பு. வீட்டுச் சுவரில் இருப்பது 10. 15 ஆம்பியர் செருகியின் நில இணைப்புப் பட்டை அகலமானது, அதனால் வீட்டுப் பலகையில் நுழையாது. அதைத் தேய்த்து நுழைக்கும் வீரர்களைப் பார்த்திருக்கிறேன், செய்யாதீர்கள். 15 ஆம்பியர் என்றால் சுமார் 3,500 வாட். இண்டக்‌ஷன் அடுப்பு 2,000, சிறிய ஹீட்டர் 2,000. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் கம்பத்துச் சுவிட்ச் விழுந்துவிடும். குழம்பு கொதிக்கும்வரை போர்வையைப் போர்த்திக்கொள்ளுங்கள்.

குளிரில் சின்ன பியூட்டேன் குப்பி அடுப்பும் கைகொடுக்காது. பூஜ்ஜியத்தை நெருங்கும்போது அந்த வாயு ஆவியாக மறுக்கும். காலைக் காப்பிக்கு வெறும் பெருமூச்சுதான் வரும். குப்பியைப் போர்வைக்குள் வைத்துத் தூங்கலாமா என்று கேட்காதீர்கள். புரொப்பேன் சிலிண்டர் எடுத்துப் போங்கள்.

மே 12

மாலை நான்கு மணி நாடகத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே!

அவுட்பேக் எனப்படும் உள்நாட்டு வறண்ட பகுதியின் கேரவன் பார்க்கில் நான்கு மணிக்கு மடக்கு நாற்காலிகள் வெளியே வரும். ஓய்வு பெற்ற தம்பதிகள், கையில் ஒரு கிளாஸ், முகம் பாதையை நோக்கி. பறவை பார்க்க உட்கார்ந்திருக்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன். புதிதாக வருகிறவர் கேரவனைப் பின்னால் தள்ளி நிறுத்துவதைப் பார்க்கத்தான் அவ்வளவு கூட்டம். எங்கள் வீட்டில் ஓட்டுவது நான், பின்னால் நின்று கை காட்டுவது கணவர். அவர் வலது கையைக் காட்டினால் வண்டியின் வலமா, அவருடைய வலமா என்பது எங்கள் திருமணத்தில் இன்னும் தீராத வழக்கு. ஒருமுறை தண்ணீர்க் குழாய்க்கு ஒரு சாண் தள்ளி நிறுத்திவிட்டு இறங்கினேன், நாற்காலி வரிசையிலிருந்து கைதட்டல். ஓர் ஐயா எழுந்து வந்து "நேற்று நான் அந்தக் குழாயின் மேலேயே ஏற்றினேன்" என்று அடையாளத்தைக் காட்டினார்.

வெட்டவெளியில் கிடைக்காத சரக்கு இது. வாடகையில் சேர்ந்தே வருகிறது.

மே 12, இரவு

அந்த ஐயாக்களிடமிருந்துதான் உருப்படியான செய்தி கிடைக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். வடக்கே போகிறவர்களுக்குத் தெற்கே வருகிறவர்கள் சொல்வார்கள்: எந்த ரோட்ஹவுஸில் (சாலையோர எரிபொருள் நிலையத்தில்) டீசல் தீர்ந்தது, எந்த ஓய்விடத்தில் கழிப்பறை பூட்டியிருக்கிறது, எங்கே மாடு அடிபட்டுக் கிடக்கிறது. கிளெண்டாம்போவிலிருந்து கூபர் பீடி வரை 250 கிலோமீட்டருக்கு மேல் எரிபொருளே கிடையாது என்ற அறிவிப்பை நான் பார்ப்பதற்கு முன்பே அவர்கள் சொல்லிவிட்டார்கள்.

எல்லாவற்றையும் நம்ப வேண்டாம். பூர்வகுடி மக்களைப் பற்றிப் பொதுச் சமையற்கூடங்களில் உலவும் பயமுறுத்தல் பேச்சில் பெரும்பகுதி, ஊருக்குள் கால் வைக்காமல் பெட்ரோல் மட்டும் போட்டுக்கொண்டு போனவர்கள் சொன்னது. வண்டியைப் பூட்டுங்கள், ஊருக்குள் தங்கினால் வேலியும் வாயிற்கதவும் உள்ள பார்க்கில் தங்குங்கள். எந்த ஊருக்கும் இது போதும்.

மே 18

முன்பதிவு. வாக்குக் கொடுத்தபடி எழுதுகிறேன்.

உலுரு என்ற பெரிய செம்பாறை. அது இருக்கும் தேசியப் பூங்காவுக்குள் முகாமிட அனுமதி கிடையாது. வெளியே யூலாராவில் ஒரே ஒரு முகாம் மைதானம்தான். பள்ளி விடுமுறையில் மாதக்கணக்கில் முன்னாலேயே நிரம்பிவிடும். உங்கள் பயணமோ ஜூலையில். இன்று இரவே உட்கார்ந்து பதிவு செய்யுங்கள், மறுபேச்சு வேண்டாம். பூங்கா நுழைவுச்சீட்டு பெரியவர்களுக்கு 38 டாலர், மூன்று நாளுக்கு, பிள்ளைகளுக்கு இல்லை. பாறை மீது ஏறுவது 2019 அக்டோபர் 26-உடன் நின்றுவிட்டது. அடியைச் சுற்றி நடக்கலாம், பத்து கிலோமீட்டருக்கு மேல் வரும். அம்மாவுக்கு முடியாவிட்டால் முடிஜுலு நீர்க்குண்டு வரை போய் வரலாம், அது சமதளம்.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ். ஜூன் நீண்ட வார இறுதியில் ஃபிங்க் பாலைவனப் பந்தயம். அப்போது ஊரில் இடம் தேடுவது வீண். நீங்கள் அதற்குப் பிறகு வருவதால் பிழைத்தீர்கள்.

வடக்கு மண்டல அரசின் பூங்கா முகாம்கள்: ஆர்மிஸ்டன் பள்ளத்தாக்கு, எல்லரி கிரீக், கார்லு கார்லு போன்றவை. முன்பு போய் நின்று உண்டியலில் காசு போட்டால் போதும். இப்போது இணையத்தில் முன்பதிவு செய்துகொண்டுதான் போக வேண்டும். 2023-இலிருந்து வெளி மாநிலத்தவர் பூங்காவுக்குத் தனிச் சீட்டும் வாங்க வேண்டும். சமிக்ஞை உள்ள இடத்திலேயே இந்த வேலையை முடியுங்கள். வாசலில் நின்று கைபேசியை வானத்துக்குத் தூக்கிப் பிடிக்கும் காட்சியைத் தினமும் பார்க்கலாம்.

மற்ற இடங்களுக்குக் காலையில் ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

மே 19

"யூலாராவுக்குப் பதில் கர்ட்டின் ஸ்பிரிங்ஸில் தங்கினால் இலவசம் என்று கேள்விப்பட்டேன், ஏன் மறைக்கிறீர்கள்?" என்கிறார் பிரிஸ்பேன் வாசகர். மறைக்கவில்லை. அது ஒரு மாட்டுப் பண்ணை, யூலாராவுக்குச் சுமார் 85 கிலோமீட்டர் முன்னால். மின் இணைப்பில்லாத இடத்தைப் பல காலமாக இலவசமாகவே விட்டுவந்தார்கள், குளிக்கத்தான் காசு. நல்ல மனிதர்கள், நல்ல இடம். போகுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிக்கல் தூரத்தில் இருக்கிறது. உலுருவில் சூரியோதயம் பார்க்க வேண்டும் என்றால் அங்கிருந்து இருட்டிலேயே நூறு கிலோமீட்டர் ஓட்ட வேண்டும், ஒட்டகமும் மாடும் நிற்கும் சாலையில். வாடகை ஒப்பந்தமும் விடாது. போகிற வழியில் முதல் இரவை அங்கே போட்டுவிட்டு, மறுநாள் யூலாராவில் ஓர் இரவு தங்கினால் பணமும் மிச்சம், தூக்கமும் மிச்சம்.

பக்கத்தில் தெரியும் தட்டை மலை உலுரு அல்ல. அது மவுண்ட் கானர். அதைப் படமெடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டு, மறுநாள் உண்மையானதைப் பார்த்து விழித்தவர்கள் பலர். யார் என்று சொல்ல மாட்டேன், பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

மே 25

குக்கர்.

பொதுச் சமையற்கூடத்தில் குக்கர் வைப்பது பற்றி இத்தனை கேள்வி வரும் என்று நினைக்கவில்லை. வைக்கலாம். பெரும்பாலான பார்க்குகளில் கூரை போட்ட கொட்டகை, எரிவாயு அடுப்பு, தகட்டு பார்பிக்யூ, குளிர்பெட்டி, பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாம் இருக்கும். முதல் விசிலுக்குக் கொட்டகையே திரும்பிப் பார்க்கும். ஆலிஸில் ஒரு தாத்தா பின்னால் நகர்ந்து, "இது வெடிக்குமா?" என்று கேட்டார். மூன்று சத்தம் வந்தால் சோறு தயார் என்றேன். மூன்றாவதை அவரே உரக்க எண்ணி அறிவித்தார்.

பார்பிக்யூ தகட்டில் தோசை வருமா என்று சிட்னியிலிருந்து ஒருவர். வரும், ஆனால் முந்தின ஆள் ஆட்டுக்கறி சுட்டிருப்பார். சைவர்கள் சொந்தக் கல் எடுத்துப் போங்கள்.

காப்பிப் பிரியர்களுக்கு: ஆழ்துளைத் தண்ணீரில் டிகாக்‌ஷன் போட்டால் வாயில் வைக்க முடியாது. குழாயில் "குடிக்கத் தகாது" என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பிடிக்க வேண்டும். குடிதண்ணீரைத் தனிக் கேனில் வைத்துக்கொள்ளுங்கள், தொட்டித் தண்ணீரோடு கலக்காதீர்கள்.

மே 26

கார்லு கார்லு பற்றி ஒரு பத்தி. டெனன்ட் கிரீக்குக்குத் தெற்கே நூறு கிலோமீட்டர் அளவில், சாலையோரத்திலேயே, உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக. யாரோ கொண்டுவந்து அடுக்கியவை அல்ல. மண்ணுக்கடியில் பிளவுபட்ட கருங்கல்லின் முனைகள் நீரால் மழுங்கி, மேல்மண் அரித்துப்போனதும் வெளியே நின்றுவிட்டன. பூர்வகுடி மக்களின் புனிதத் தலம். 2008-இல் அவர்களிடமே திருப்பிக் கொடுக்கப்பட்டது. பாறைகளுக்குப் பக்கத்திலேயே முகாம். குழிக் கழிப்பறை உண்டு, தண்ணீர் இல்லை, மின்சாரம் இல்லை. பாறையின் சிவப்பு மாலையில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறும். இரவில் டிங்கோ என்னும் காட்டு நாய்கள் கூடாரங்களுக்கு நடுவே உலாவும். பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, ஆனால் வெளியே விட்ட செருப்பு, சாப்பாட்டுப் பெட்டி அதனுடையது. பிள்ளைகளைத் தனியாக அனுப்பாதீர்கள்.

அப்பா அம்மாவோடு வெட்டவெளியில் ஒரே ஓர் இரவுதான் முடியும் என்றால், அந்த இரவு இங்கே இருக்கட்டும். லேக் ஹார்ட்டைப் பற்றி அவ்வளவு எழுதியவளே இதைச் சொல்கிறேன். இங்கே கழிப்பறைக் கவலை இல்லை.

விறகு பொறுக்குவது பூங்காக்களில் தடை. முன்னாலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 1

"டிசம்பரில் போனால் பார்க்குகள் காலி, விலையும் குறைவு" என்று எழுதியவருக்கு: காலியாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. கூபர் பீடியில் நாற்பதைத் தாண்டும், வடக்கே மழைக்காலம், ஆறுகள் சாலை மேல் ஓடும். கூடாரத்துக்குள் மதியம் இரண்டு மணிக்கு இருக்க முடியாது. மே முதல் செப்டம்பர் வரை கூட்டத்தோடு கூட்டமாகப் போவதுதான் புத்தி.

ஜூன் 2

டெனன்ட் கிரீக் தாண்டியதும் பயணத்தின் குணம் மாறிவிடும். போர்வைகள் பின்னுக்குப் போகும், கொசு வலை முன்னுக்கு வரும். டேலி வாட்டர்ஸ் மதுக்கடை 1930-களிலிருந்து நடக்கிறது. பின்புறம் முகாம் மைதானம், இரவில் மாட்டிறைச்சியும் பாரமுண்டி மீனும், பாட்டு. வண்டிகளை இடைவெளியே இல்லாமல் நிறுத்துவார்கள், பக்கத்து வண்டிக்காரர் புரண்டு படுத்தால் நமக்குத் தெரியும். மதியத்துக்குள் போய்ச் சேர்ந்தால் இடம். அமைதி தேடுகிறவர்கள் அங்கே தங்க வேண்டாம். நான் தங்குவேன்.

மட்டரங்காவில் வெந்நீர் ஊற்று, சுமார் 34 டிகிரி. அம்மாவின் முழங்காலுக்கு முழுப் பயணத்திலும் இதைவிட நல்ல மருந்து கிடைக்காது. ஆனால் படிகளில் பாசி வழுக்கும், பிடித்துக்கொண்டு இறங்கட்டும். அங்கேயே உள்ள இன்னோர் ஊற்றான பிட்டர் ஸ்பிரிங்ஸில் நீரோட்டமே நம்மை இழுத்துக்கொண்டு போகும். பிள்ளைகள் அன்று முழுக்க வெளியே வர மாட்டார்கள். இரண்டு இரவு ஒதுக்குங்கள். ஊற்றைச் சுற்றிய மரங்களில் பழந்தின்னி வௌவால்கள் ஆயிரக்கணக்கில் வந்து தொங்கும் காலமும் உண்டு. அந்த வாடை வேறு.

இங்கிருந்து வடக்கே கழிப்பறைத் தொட்டிக்குள் பச்சை மரத்தவளை உட்கார்ந்திருக்கும். உட்காரும் முன் பாருங்கள். அது கடிக்காது, ஆனால் நீங்கள் கத்துவது பார்க் முழுக்கக் கேட்கும்.

ஜூன் 4

கேம்பர்வேனின் கழிப்பறைப் பெட்டியை எங்கே கொட்டுவது என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறார் ஒருவர். தயங்க என்ன இருக்கிறது, எல்லோருக்கும் உள்ளதுதான். பல பார்க்குகளிலும் ஊர்களிலும் இதற்கென்றே கழிவுத்தொட்டி உண்டு. பார்க் கழிப்பறையிலோ புதரிலோ கொட்டக் கூடாது. பக்கத்தில் இருக்கும் குழாய் பெட்டியை அலசத்தான், குடிக்க அல்ல. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். காலை பத்து மணிக்கு இடத்தைக் காலி செய்யச் சொல்வார்கள், அதனால் ஒன்பதரைக்கு அங்கே வரிசை நிற்கும். எட்டு மணிக்கே போய்விடுங்கள். மூடியைத் திறக்கும்போது காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கவனியுங்கள். இதற்கு மேல் விளக்க மாட்டேன்.

ஜூன் 8

மில்டியூரா வழியாக அடிலெய்டு வரும் மெல்பர்ன்காரர்களுக்குக் கடைசியாக ஒன்று. ரென்மார்க்குக்கு முன்னால் யம்பாவில் தடுத்து நிறுத்திச் சோதிப்பார்கள். பழ ஈ பரவாமல் இருக்கத் தென் ஆஸ்திரேலியாவுக்குள் சமைக்காத பழம், தக்காளி, மிளகாய், கத்தரிக்காய் எதையும் கொண்டுவரக் கூடாது. டார்வினிலிருந்து காரோடு திரும்புகிறவர்களுக்கும் இதே சட்டம்தான், எல்லையில் ஆள் நிற்கவில்லை என்பதால் மாறிவிடாது. அபராதம் சும்மா பயமுறுத்தலுக்கு அல்ல. மாம்பழம் வாங்கியிருந்தால் எல்லைக்கு முன்பே சாப்பிட்டு முடியுங்கள்.

சமைத்ததற்குத் தடையில்லை. எல்லைக்கு முந்தின இரவு பார்க்கில் தங்கி, இருக்கிற தக்காளியையும் பச்சைமிளகாயையும் மொத்தமாகத் தொக்காகக் கிளறிவிடுங்கள். ஒரு வாரத்துக்கு வரும்.